இரண்டு குறிப்பேடுகளில் ஒரே வசனம்

ஒக்டோபர் 14, திங்கள்

துப்பறியும் பிரிவில் ஆறாவது வாரம். கிரான்ஸ்பி சின்ன ஊர். ஒரு துறைமுகம், மூன்று சூதாட்டக் கூடங்கள், எண்ணி முடியாத கடற்பறவைகள். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு நேரே இந்த வேலைக்கு வந்தவள் நான் என்பதை நிலையத்தில் தினமும் யாராவது ஒருவர் எனக்கு ஞாபகப்படுத்துகிறார்.

என்னைச் சோடி சேர்த்திருப்பது சார்ஜன்ட் ஜெனிஸ் ஹோல்ராய்டுடன். வயது நாற்பத்து நான்கு. இதே ஊரில், கரவன் எனும் வண்டிவீடுகள் நிற்கும் பூங்கா ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். சத்தமாகச் சிரிப்பார். காரில் சாப்பிடுவார். மாரியிலும் கடலில் நீந்துவார். எனக்குக் காரில் சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டும். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

ஓய்வறை அலமாரியில் ஒரு துப்பறியும் நாவல் வரிசை, பதினொரு பாகம். இன்ஸ்பெக்டர் ஆஷ்கம் கிரேக்கம் படித்த கனவான். சார்ஜன்ட் ட்ரட் எந்நேரமும் சொசேஜ் ரோல் தின்பவர். ஒருவரை ஒருவர் சகிக்கமாட்டார்கள். சேர்ந்தால் மட்டும் கொலைகாரன் அகப்படுவான். ஜெனிஸ் பதினொன்றையும் குளியல் தொட்டியில் கிடந்து வாசித்திருக்கிறார். ஓரங்களில் பென்சில். பெரும்பாலும் ஒரே சொல்: நோட்?

"பாரடி, கொலைகாரன் எல்லாத்தையும் ஒப்புக்கொள்ளுறான். இவங்கள் ரெண்டு பேரும் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். ஒருத்தனாவது எழுதவேண்டாமே? நாளைக்குக் கோட்டில என்னத்தைக் காட்டுறது, ரோலையே?"

"அப்ப நான் ஆஷ்கமா, சார்ஜ்?"

"நீ ஆஷ்கம். நான் ட்ரட். அந்தக் கடதாசிப் பையை இஞ்சால தா."

ஜெனிஸ் பேசுவது இந்தக் கரையோரத்து ஆங்கிலம். இங்கே எழுதும்போது அவர் யாழ்ப்பாணத்தில் பேசுகிறார். எனக்குப் பேச்சென்று வருவது அது ஒன்றுதான்.

ஒக்டோபர் 23, புதன்

வேலை முக்கால்வாசி எழுத்து. பார்த்ததையும் கேட்டதையும் அவரவர் குறிப்பேட்டில் உடனே எழுதிக் கையெழுத்திட வேண்டும். தனித்தனியாக எழுத வேண்டும் என்பது விதி. ஜெனிஸின் வழக்கம் வேறு. காரில் ஹீட்டரைப் போட்டு, தேநீரோடு, அவர் சொல்ல நான் எழுதுவேன். பிறகு என்னுடையதைப் பார்த்து அவர் எழுதுவார்.

"ரெண்டு பேர் ரெண்டு விதமா எழுதினா, நடுவுக்குள்ளால வக்கீல் லொறி ஓட்டுவான்."

இங்கே எல்லாச் சோடிகளும் இப்படித்தான்.

நவம்பர் 7, வியாழன்

காலை ஏழு இருபது. துறைமுகப் படிக்கட்டில் இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள் என்று நாயோடு நடந்த ஒரு பெண் அழைத்திருந்தார். நாங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தோம், உடைக்கப்பட்ட கடையொன்றுக்காக. அதனால் முதலில் போனோம்.

ராய் டென்ட், நீல் கார்பட். பதினாறு வருடமாக ஒரே படகில் சிங்கிறால் பிடித்தவர்கள். ராய் பாசி பிடித்த கற்படியில் தலை அடிபட்டு நீருக்குள் விழுந்திருக்கிறார். நீல் குதித்து அவரை இழுத்து வந்திருக்கிறார். ராயை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நீல் சிங்கிறால் கூடுகளின் மேல் இருந்தார். வெள்ளித்தாள் போர்வை. காற்சட்டையிலிருந்து நீர் சொட்டியது. உதடு நிறமில்லாமல் இருந்தது.

ஜெனிஸ் அவர் முன்னால் குந்தினார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நான் ஜெனிஸின் தோளோடு நின்றேன்.

"நீல், என்னைப் பார். தள்ளினனியே அவனை?"

நீலின் தலை ஆடியது.

ஜெனிஸ் எழுந்து, கைது என்று சொல்லி, எச்சரிக்கை வாசகத்தை ஓதினார்: நீ ஒன்றும் சொல்லத் தேவையில்லை, சொன்னால் அது சாட்சியாகலாம். கேள்வி கேட்பதற்கு முன் ஓத வேண்டியது. நீல் அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை.

சீருடைக்காரர்களின் மார்பில் கமெரா இருக்கும். அவர்கள் அப்போது வந்து சேரவில்லை. எங்களுக்குக் கமெரா கிடையாது.

பிறகு கார். ஹீட்டர், தேநீர். ஜெனிஸ் சொன்னார்: "ஏழு முப்பத்தொண்டு. எச்சரிக்கை செய்யப்பட்டது. பதில்: 'நான் அவனைத் தள்ளினேன்.'"

என் பேனை நின்றுவிட்டது.

"என்னடி?"

"அவர் தலையைத்தானே..."

"ஓமெண்டுதானே ஆட்டினவன். அதை எப்பிடி எழுதுவாய்? படம் கீறுவியே?"

சிரித்தேன். எழுதினேன். ஜெனிஸ் பார்த்து எழுதினார். இரண்டு கையெழுத்து.

நவம்பர் 8, வெள்ளி

மழை. உடுப்புத் தோய்த்தேன். ஒரு காலுறையைக் காணவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ராய் டென்ட் காலையில் இறந்துவிட்டார். நினைவு திரும்பவில்லை.

ஜெனிஸ் அவருடைய மனைவி போலினின் வீட்டுக்குப் போய் ஆறு மணித்தியாலம் இருந்தார். பாத்திரம் கழுவினார், பூனைக்குச் சாப்பாடு வைத்தார், தொலைபேசியை எடுத்து உறவினர்களுக்கு ஒவ்வொருவராகச் சொன்னார். இதெல்லாம் எந்தக் குறிப்பேட்டிலும் வராது.

நவம்பர் 12, செவ்வாய்

நீலின் மேல் குற்றம் சாட்டப்பட்டது. கொலை அல்ல, தள்ளி மரணம் விளைவித்தது. விசாரணை அறையில் வழக்கறிஞர் சொன்னபடி எல்லாக் கேள்விக்கும் பதிலில்லை என்றார். விளக்கமறியல். வழக்கு ஏப்ரல் கடைசியில்.

நாயோடு வந்த பெண் கேட்டது சத்தம் மட்டும். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. துறைமுகத்துக் கமெரா பனிக்கட்டிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் கிளெக் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அவன்ர வாயாலயே வந்த வசனம். அது ஒண்டு காணும். ரெண்டு குறிப்பேடும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துது. நல்ல வேலை."

எழுத்துக்கு எழுத்து.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மா லண்டனிலிருந்து அழைத்தார்.

"சாப்பிட்டனியே பிள்ளை?"

"ஓம்."

"என்ன?"

"பாணும் பருப்பும்."

"பருப்பு வெந்ததே, இல்லாட்டிப் போனமுறை மாதிரியே? சரி, பொலிஸில என்ன வேலை தாறாங்கள்? கள்ளரைத் துரத்துறியே?"

"கூடுதலா எழுத்து வேலைதான் அம்மா."

"ம். சித்தப்பாவும் சொல்லுறவர், அவங்கள் நல்லா எழுதுவாங்கள் எண்டு."

பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

சித்தப்பா ஊரில் நாலு வருடம் சிறையில் இருந்தார். ஒரு பக்கக் காகிதத்துக்காக. அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், அவர் சொல்லாத வசனங்கள். கீழே அவருடைய கையெழுத்து.

அது வேறு நாடு. வேறு விஷயம். இங்கே குறிப்பேட்டில் இருப்பது எல்லோருக்கும் விளங்குகிற மொழி.

டிசம்பர் 3, செவ்வாய்

பல் வைத்தியர். வயர்லெஸ் பற்றிய பயிற்சி வகுப்பு. புதுக் காலுறை.

டிசம்பர் 26, வியாழன்

நத்தாருக்கு ஜெனிஸ் தந்தது ஆஷ்கம், ட்ரட் வரிசையின் பன்னிரண்டாம் பாகம். அவர் வாசித்து முடித்த பிரதிதான். உறையில் "ஆஷ்கமுக்கு, ட்ரட்டின் அன்புடன்" என்று எழுதியிருந்தார்.

ஒரே இருப்பில் வாசித்தேன். கடைசி அத்தியாயத்தில் பாதிரியாரின் தம்பி கணப்படுப்பின் முன்னால் நின்று ஐந்து பக்கத்துக்கு ஒப்புக்கொள்கிறார். முழு முழு வசனங்கள். ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன், மழை எப்போது தொடங்கியது. ஒரு காற்புள்ளி பிசகவில்லை.

இந்த நாவல்களில் யாரும் தலையை மட்டும் ஆட்டுவதில்லை.

ஓரத்தில் ஜெனிஸின் பென்சில், ஆறு இடத்தில்: நோட்? ஏழாவது இடத்தில்: நல்லாத்தான் எழுதியிருக்கிறான், நாய்.

ஜனவரி 12, ஞாயிறு

ஜெனிஸ் நீந்தப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் நீந்த அல்ல, துவாய் பிடிக்க.

காற்று முகத்தை அறுத்தது. பத்து நிமிடம் உள்ளே நின்றார். வெளியே வந்தபோது தோளும் தொடையும் சிவந்திருந்தன. துவாயைப் போர்த்திவிட்டு, குடுவையைத் திறந்துகொண்டே கேட்டேன்.

"சார்ஜ், தேத்தண்ணி வேணுமே?"

அவர் தலை ஆடியது. ஊற்றி நீட்டினேன்.

"வேண்டாமடி," என்றார், பற்கள் அடித்துக்கொள்ள. "கொஞ்சம் பொறு. இப்ப குடிச்சாச் சத்தி வரும்."

"ஓமெண்டு தலையாட்டினீங்கள்."

"நான் எங்க ஆட்டினனான்? அது குளிர். தானா ஆடுது."

சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். தேநீரை மணலில் ஊற்றினேன்.

வரும்போது காரில் ஜெனிஸ் வானொலியைப் போட்டார். காற்பந்து.

ஜனவரி 13, திங்கள்

வேலையால் வந்து, குளிர்ந்த நீரில் ஷவரின் கீழ் நின்று பார்த்தேன். நான்கு நிமிடம். பிறகு கண்ணாடி முன், தானாக ஆடும் தலையோடு.

அம்மாவின் வளையலைத் திருடியது நீயா? ஓம். சந்திரனுக்குப் போயிருக்கிறாயா? ஓம். ராய் டென்டைத் தள்ளியது நீயா? ஓம், ஓம், ஓம்.

காய்ச்சல் வரும்போல் இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

ஜெனிஸ் இந்தக் கிழமை நீந்தப் போகவில்லை. தோள்மூட்டு வலி என்றார்.

பெப்ரவரி 4, செவ்வாய்

நீலின் தரப்பு எழுத்தில் வந்திருக்கிறது. மூன்று பந்தி. அன்று காலை வாய்ச்சண்டை நடந்தது உண்மை: காற்று மோசமாக இருக்கிறது, கடலுக்குப் போகக்கூடாது என்று நீல், போகத்தான் வேண்டும் என்று ராய். ராய் திரும்பி இறங்கும்போது வழுக்கினார். நீல் பிடிக்கப் போனார். கையில் சட்டையின் துணி மட்டும் பட்டது. குதித்தார்.

கடைசி வரி: "பொலிஸிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. அப்போது என்னால் பேச முடியவில்லை."

அரசாங்க வழக்கறிஞர் அதற்குப் பக்கத்தில் குறித்திருந்தார்: இரண்டு உத்தியோகத்தர்களின் குறிப்பேடு.

வழுக்கி விழுந்தாரா, தள்ளப்பட்டாரா, எனக்குத் தெரியாது. கடைசி வரி உண்மை என்று மட்டும் தெரியும். இதை எழுத மூன்று மாதம் எடுத்திருக்கிறது.

பெப்ரவரி 10, திங்கள்

போலின் டென்டுக்கு நீதிமன்ற ஒழுங்குகளை விளங்கப்படுத்தப் போனோம். பூனை ஜெனிஸின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"நீல் எங்கட கலியாணத்தில மாப்பிளைத் தோழன்," என்றார் போலின். "அவன் செய்தான் எண்டு யாராவது வந்து சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கமாட்டன். அவனே சொன்னபடியாத்தான். அதாலதான் எனக்கு நித்திரை வருது. இல்லாட்டி விசர் பிடிச்சிருக்கும்."

ஜெனிஸ் பூனையைத் தடவிக்கொண்டிருந்தார். நிறுத்தவேயில்லை.

"சீனி போடட்டே?" என்று போலின் என்னைக் கேட்டார். தலையாட்டாமல், வேண்டாம் என்று சொன்னேன்.

பெப்ரவரி 15, சனி

சொல்லவேண்டும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

சொன்னால் ஜெனிஸின் வேலை போகும். என்னுடையதும் போகலாம். வேலையோடு நில்லாமல் வழக்கும் வரலாம். போலினின் நித்திரை போகும். சொல்லாவிட்டால் ஒருவர் சொல்லாத ஒரு வசனத்துக்காக ஐந்தோ ஆறோ வருடம் உள்ளே போவார்.

எழுதிப் பார்த்தால் இலகுவாகத்தான் இருக்கிறது.

பெப்ரவரி 19, புதன்

களவுபோன சைக்கிள்களுக்காக ஒரு பாடசாலை வாசலில் காத்திருந்தோம். மதியம். ஜன்னலில் தூறல்.

"சார்ஜ். நீல் ஒண்டும் சொல்லேல்லை."

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"நீ தேத்தண்ணி வேணுமே எண்டு கேட்ட நாள் தொடக்கம்." சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கடதாசியில் சுற்றி வைத்தார். "அதுக்கு முன்னம் நான் சத்தியமா நம்பினனான், ஆர்னி." அவருக்கு என் பெயர் எப்போதும் ஆர்னிதான், ஆரணி அல்ல. "அவனை எனக்கு எட்டு வயசில இருந்து தெரியும். கேட்டன், ஆட்டினான். எனக்கு அது ஓம். இப்பவும் பாதி நம்புறன்."

"பாதி காணாது."

"பெரிய நீதவான்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "உனக்குப் பட்டம் இருக்கு. எனக்கு இந்தக் கார்தான் இருக்கு. இருபத்திரண்டு வருசம்."

"நான் கிளெக்கிட்டப் போகப்போறன்."

"போவாய். நீ போவாய் எண்டு தெரியும்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒரு நாள் தா. நானே போய்ச் சொல்லுறன். பொய் நான் சொல்லித்தந்தது. திருத்துறதும் நானா இருக்கட்டும்."

"ஒரு நாள்."

"ஓம். வாயாலதான் சொல்லுறன், பாத்துக்கொள். ஓம்."

பெப்ரவரி 20, வியாழன்

ஜெனிஸ் விடுப்பு. தொலைபேசி எடுக்கவில்லை. ஏமாற்றிவிட்டார் என்று பத்து மணிக்கு நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கும். இரண்டு மணிக்கு என்னுடைய வாக்குமூலத்தின் முதல் வரியை எழுதி அழித்தேன். வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். உள்ளே துடைக்கும்படி ஒன்றும் இருக்கவில்லை.

பெப்ரவரி 21, வெள்ளி

காலையில் கிளெக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

ஜெனிஸ் நேற்றுக் காலை ஏழு மணிக்கே வந்திருக்கிறார். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்: கேள்வியை எச்சரிக்கைக்கு முன் கேட்டேன். நீல் கார்பட் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வசனம் என்னுடையது. எல்லாம் இருந்தது. தலை ஆடியது, குளிர், எல்லாம்.

கடைசிப் பந்தியைக் கிளெக் வாசித்துக் காட்டினார்.

"அந்த நேரம் கான்ஸ்டபிள் ஆரணி அம்புலன்ஸ் அருகில் நின்றார். நடந்ததை அவர் பார்த்திருக்கவோ கேட்டிருக்கவோ முடியாது. நான் சொன்னதை நம்பி எழுதினார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது சரியெண்டா உமக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடிஞ்சிடும். புது ஆள். சார்ஜன்ட் சொன்னதை நம்பி எழுதினீர். விளங்கிக்கொள்ளலாம். கீழ கையெழுத்துப் போட்டீரெண்டா நான் மேல அனுப்புவன்."

பேனையை என் பக்கம் உருட்டினார்.

ஜெனிஸ் ஒரு பொய்யைத் திருத்திய அதே மேசையில் இன்னொன்றைச் சொல்லியிருக்கிறார். எனக்காக. இந்த முறையும் நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

அறையில் கடிகாரம் இல்லை. தெருவில் குப்பை வண்டி பின்னுக்கு வரும் சத்தம்.

நான் யோசித்தது நீலைப் பற்றி. ஜெனிஸின் சொல் மட்டும் என்றால் அரசாங்க வழக்கறிஞர் எழும்பிச் சொல்வார்: பழைய பள்ளித் தோழனுக்காகப் பேச்சை மாற்றுகிறார். குறிப்பேடு ஒன்று சொல்கிறது, இவர் இன்றைக்கு வேறு சொல்கிறார், எதை நம்புவது? அங்கே நின்ற இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆளை ஜெனிஸ் பத்திரமாக அம்புலன்ஸ் அருகில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

"சேர், எனக்கு ஒரு புதுத் தாள் வேணும்," என்றேன்.

"உமக்கு விளங்குதே நீர் என்ன செய்யிறீர் எண்டு?"

"ஓம்."

"சார்ஜன்டுக்கும் இதால கூடக் கரைச்சல். விளங்குதே?"

"ஓம், சேர்."

யாரும் சொல்லித்தராமல் நான் எழுதிய முதல் பக்கம் அது. முதல் வரி: "சார்ஜன்ட் ஹோல்ராய்ட் கேள்வியைக் கேட்டபோது நான் அவருடைய தோளோடு, நீல் கார்பட்டிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்றேன்." இரண்டாவது: "நீல் கார்பட் எதுவும் பேசவில்லை." மூன்றாவது: "அவருடைய தலை ஆடியது. அதன் பொருள் எனக்குத் தெரியாது." நாலாவது: "தெரியாது என்று தெரிந்தே எழுதினேன்."

வேறு எங்காவது குறித்து வைத்திருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எந்த மொழியில் என்று சொன்னதும் பெருமூச்சு விட்டார்.

பெப்ரவரி 24, திங்கள்

இந்தக் கொப்பியை நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்திருக்கிறார்கள். லண்டனில் யாரோ ஒருவர் மொழிபெயர்ப்பார். யாரென்று தெரியாத அந்த ஒருவருக்கு: வணக்கம். காலுறை விஷயங்களை விட்டுவிடலாம்.

பெப்ரவரி 27, வியாழன்

இருவரும் பணி இடைநிறுத்தம். ஒருவரோடொருவர் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. பொலிஸ் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

அந்த வசனத்தை நம்பமுடியாது என்று அரசுத் தரப்பு வழக்கிலிருந்து எடுத்துவிட்டது. நீல் பிணையில் வெளியே வந்திருக்கிறார். அது இல்லாமல் வழக்கு நிற்குமா என்று பார்க்கிறார்களாம்.

சுப்பர்மார்க்கெட்டில் போலின் டென்ட். என்னைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பினார். பிறகு திரும்பி வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அப்ப அவன் தள்ளினவனோ, இல்லையோ?"

"தெரியாது, மிஸிஸ் டென்ட்."

"நீ பக்கத்தில நிண்டனியாம்."

"ஓம். நாங்கள் போனது அதுக்குப் பிறகு. எனக்குத் தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் என் கூடைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். பால், பாண், பருப்பு. பிறகு போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு.

"விசரி," என்றது ஜெனிஸின் குரல்.

"நாங்கள் கதைக்கக்கூடாது, சார்ஜ்."

"வழக்கைப் பற்றித்தான் கதைக்கக்கூடாது. நான் உன்னைப் பற்றிக் கதைக்கிறன். மடைச்சி. எவ்வளவு பாடுபட்டு உன்னை அந்த அம்புலன்ஸுக்குப் பக்கத்தில கொண்டுபோய் நிப்பாட்டினனான். ஒரு கையெழுத்து. பேசாம அங்கயே நிண்டிருக்கலாமே?"

"நான் உங்களுக்குப் பக்கத்திலதான் நிண்டனான், சார்ஜ்."

அந்தப் பக்கம் பறவைகளின் சத்தம். காற்று.  

ஃபோனை அவர் வைக்கவில்லை.